வெளிப்பக்கம் திறந்த கேட்

டிரேசரம்மா இறந்துபோன அன்றைக்கு எங்கள் சுரங்கக் குடியிருப்பு லைனில் எல்லோருக்கும் உள்ளூர ஒரு பயம் இருந்தது. பெட்டி நேராக இருக்கிறதா, மாலை ஒரு பக்கம் இறங்கித் தொங்குகிறதா, அட்டையில் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறார்களா என்று ஆளாளுக்கு இரண்டு தடவை பார்த்தார்கள். ஜெபப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் பாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். படுத்திருப்பவர் எழுந்து உட்கார்ந்து, "இன்னா பாஸ்டர், மூணாவது வரிய முழுங்கிட்டீங்க?" என்று கேட்டுவிடுவாரோ என்று எனக்கே தோன்றியது. ஐம்பது வருடம் இந்த ஊருக்குக் குறை சொன்ன வாய் அது.

யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் சுவரை ஒரு சுற்றுப் பார்ப்பார். "காலண்டர் கோணலா கீது." "இந்த டம்ளரு வாயில சின்னதா நெளிசல், பாத்தியா?" கிறிஸ்துமஸுக்கு நாங்கள் கஷ்டப்பட்டுக் கட்டித் தொங்கவிட்ட நட்சத்திரத்தைப் பார்த்து, "அஞ்சு மூலையில ஒண்ணு மட்டும் ஒரு விரக்கடை நீளம்" என்றார். என் அக்காவைப் பெண் பார்க்க வேலூரிலிருந்து வந்தவர்கள் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது உள்ளே வந்து, மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்து, "ஒரு தோளு எறங்கியிருக்குது. பை மாட்டுற பக்கம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் அத்தான் கண்ணாடி முன்னால் நின்று தோளைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார்.

அவரைக் கண்டால் அம்மா புதுப் பாத்திரத்தை உள்ளே எடுத்து வைத்துவிடுவாள். எனக்கும் அவரைப் பிடிக்காது. ஒரு மனுஷிக்கு நல்லதே கண்ணில் படாதா என்று எரிச்சலாக இருக்கும்.

அந்தக் கண் அவருக்கு வேலையில் வந்தது. சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் டிராயிங் ஆபீசில் டிரேசராக இருந்தவர். பூமிக்குக் கீழே எந்த லெவல் பாதை எங்கே போகிறது, எங்கே தோண்டி முடித்தார்கள், எங்கே தண்ணீர் நிற்கிறது என்று இன்ஜினியர்கள் வரைந்த பிளானின் மேல் மெல்லிய துணியை விரித்து, மையால் அப்படியே இழுத்துப் பிரதி எடுக்கிற வேலை. "மேல இருக்கிறவன் தப்பா போட்டிருந்தாலும் நாம அத்தையேதான் இழுக்கணும்" என்பார். "நம்ம புத்திய அதுல உட்டோம்னு வெச்சுக்கோ, எது அவன் தப்பு, எது நம்ம தப்புன்னு கீழ வேல செய்யறவனுக்குத் தெரியாம பூடும். தப்புன்னு தோணுச்சா, பக்கத்துல பென்சில்ல ஒரு குறி. அவ்ளோதான்." ரிட்டயரான பிறகும் கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருக்கும். சர்ச் பாட்டுப் புத்தகங்களில் அச்சுப்பிழை இருக்கிற பக்கமெல்லாம் ஓரத்தில் அவருடைய குறி இருக்கும்.

இந்தக் குணத்தால் ஊருக்கு உபயோகமும் உண்டு என்று ஒரே ஒரு நாள் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரம் பெருமழை. வராந்தாவில் நாற்பது கறுப்புக் குடை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. யாருடையது எது என்று தள்ளுமுள்ளு. டிரேசரம்மா நடுவில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். "கம்பி ஒண்ணு வளைஞ்சது, உன்னுது. பிடியில பல்லு பட்டது, உன் பேரன் கடிச்சது. நூலு வேற கலர்ல தெச்சது, பாஸ்டரம்மாவுது." கடைசியில் ஒரு புதுக் குடை மிச்சம் நின்றது. அதை யார் கையில் கொடுப்பது என்று அவருக்கே தெரியவில்லை.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுரங்கத்துக்குள் மரத்தூண் முட்டுக்கொடுக்கிற வேலையில் இருந்தவர். சுரங்கம் மூடியபிறகு, கோலார் தங்கவயலின் கோரமண்டல் பகுதியில் ஒரு பழைய பங்களாவில் ஓய்வுபெற்ற தொழிலாளிகள் சிலர் சேர்ந்து சின்னதாக ஒரு மியூசியம் வைத்தார்கள். அதற்கு அப்பாதான் காவல், அப்பாதான் துடைப்பம், சாவியும் அவரிடம்தான். தலைவிளக்குகள், பித்தளை டோக்கன்கள், தங்கம் ஓடிய கல் நாலைந்து, அப்புறம் ஒரு பெரிய எண்ணெய் ஓவியம். நூறு வருடத்துக்கு முன்னால் இங்கே இருந்த ஓர் ஆங்கிலேய இன்ஜினியரின் மனைவி வரைந்தது. ஷிப்ட் முடிந்து ஆட்கள், சுரங்கத்தில் ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டான கேஜிலிருந்து வெளியே வருகிறார்கள். ஒருவர் வெயில் தாங்காமல் கண்ணைப் பொத்திக்கொள்கிறார். அந்த ஆளை அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும். தினமும் காலையில் பழைய வேட்டித் துணியால் அந்தப் படத்தை மட்டும் தனியாகத் துடைப்பார். பதினான்கு வருடம் துடைத்தார்.

புதன்கிழமை தோறும் சர்ச்சில் பெண்கள் கூட்டம் முடிந்ததும் டிரேசரம்மா அங்கே வந்துவிடுவார். படத்தின் முன்னால் நின்று, "அந்த கேட்ட பாருய்யா" என்பார்.

படத்தின் இடது மூலையில், இருட்டோடு இருட்டாக, கேஜின் இரும்புக் கேட் திறந்திருக்கும். அது வெளிப்பக்கம் திறந்திருக்கும். கேஜ் ஷாப்ட் என்கிற செங்குத்துக் குழிக்குள் இறங்கும்போது பாறை கையெட்டும் தூரத்தில்தான் இருக்கும். கேட் வெளியே திறக்கிற மாதிரி வைத்தால் போகிற வேகத்தில் பாறையில் மாட்டி, உள்ளே இருக்கிற அத்தனை பேரும் போய்ச் சேர வேண்டியதுதான். அதனால் கேஜ் கேட் எப்போதும் உள்பக்கம்தான் திறக்கும். இந்த ஊரில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அய்ய, உடுங்கம்மா" என்பார் அப்பா. "அந்த வெள்ளக்காரம்மா இன்னா கீழ எறங்கியா பாத்துச்சு?"

"பாக்காம இன்னாத்துக்கு வரையணும்?"

அடுத்த புதன்கிழமையும் இதே பேச்சு நடக்கும்.

அப்புறம் வெளிநாட்டிலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். வரைந்தவர் பின்னாளில் தன் நாட்டில் பெரிய ஓவியர் ஆகிவிட்டாராம். தொலைந்துபோனதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த படம் இதுதானாம். அவள் அப்பாவின் கையைப் பிடித்துக் கண்கலங்கினாள். பேப்பரில் வந்தது. "நம்ம படம் மாஸ்டர்பீஸாம்" என்று பெங்களூர் ரயிலில் பேசிக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து, எல்லோரும் சர்ச்சில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், யாரோ பூட்டைத் திறந்து, சட்டத்தைச் சுவரிலேயே விட்டுவிட்டு, படத்தை மட்டும் ஆணி பிடுங்கிக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பூட்டு உடையவில்லை. சாவி அப்பாவிடம். வேறென்ன வேண்டும்?

எஸ்.ஐ. முதலில் கேட்டது போட்டோ. எல்லோர் போனிலும் அந்த அறையில் எடுத்த படங்கள் இருந்தன. ஆண்டு விழா, குடியரசு தினம், பொன்னாடை போர்த்தியது. எல்லாவற்றிலும் யாராவது ஒரு பிரமுகரின் தலை ஓவியத்துக்கு முன்னால் இருந்தது. வந்து போன ஆராய்ச்சிக்காரப் பெண்ணும் நடுவில் இருக்கிற முகங்களைத்தான் கிட்டத்தில் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். அடுத்தது, படம் யாருக்குச் சொந்தம்? மூடிப்போன கம்பெனிக்கா, பங்களா வைத்திருக்கிறவர்களுக்கா, மியூசியத்துக்கா? ஒரு காகிதமும் இல்லை. புகாரில் யார் கையெழுத்துப் போடுவது என்பதிலேயே நாலு நாள் போயிற்று.

அந்த வாரமே டிரேசரம்மா ஸ்டேஷனுக்குப் போய், படத்தின் அடையாளம் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார். கேட் தப்பு, வலது ஓரத்தில் நகம் அளவு பெயர்ந்திருக்கிறது, ஒருத்தன் காலுக்கு நிழல் இல்லை. எஸ்.ஐ. சிரித்துவிட்டு, "படத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னா குறை சொல்றீங்களேம்மா" என்று அனுப்பிவிட்டாராம்.

இந்த மாதிரித் திருட்டுகளைப் பார்க்கிற ஆபீசர் ஒருவர் பெங்களூரிலிருந்து வந்தார். தன்மையான மனிதர். எங்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டே கன்னடமும் தமிழும் கலந்து அப்பாவிடம் பேசினார். "தங்கம்னா உருக்கி வித்துடலாம். இதை உருக்க முடியாது அல்லவா? பேப்பர்ல வந்த படத்தை யார் தைரியமா வாங்குவாங்க? அதனால சுருட்டி எங்கேயாவது வெச்சுடுவாங்க. தேடற சத்தம் அடங்கட்டும்னு அஞ்சு வருஷம், பத்து வருஷம். அதுக்குள்ள கரையான், மழை. பயம் ஜாஸ்தி ஆனா கொளுத்திடுவாங்க. நமக்கோ தேடறதுக்கு ஒரு நல்ல போட்டோ கூட இல்லை." அப்பா டீயைக் குடிக்காமலே டம்ளரைக் கீழே வைத்தார்.

பத்து வருடம் படம் கிடைக்காவிட்டால் பத்து வருடமும் அப்பா திருடன்தான். எனக்கு அது ஒன்றுதான் புரிந்தது.

அப்பா தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார வேண்டும். சாயங்காலம் அனுப்புவார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான். சர்ச் வாசலில் யாரோ "சாவி அவராண்டதான இருந்துச்சு" என்று சொன்னது காதில் விழுந்ததிலிருந்து அப்பா சர்ச்சுக்குப் போவதை நிறுத்தினார். நான் பெங்களூர் வேலைக்குப் போகிற காலை ரயிலில், நான் ஏறியதும் பேச்சு நின்றுவிடும். அப்புறம் யாராவது மழையைப் பற்றி ஆரம்பிப்பார்கள்.

ஆறாவது வாரம், எங்கள் லைனுக்குப் பின்னால் இடிந்து கிடக்கும் பழைய குவாட்டர்ஸில் ஆடு மேய்க்கப் போனவர்கள் ஒரு கோணிப்பையைப் பார்த்தார்கள். உள்ளே சுருட்டிய படம்.

மியூசியத்தில் அதைப் பழைய சட்டத்திலேயே மாட்டிப் பார்த்தார்கள். கச்சிதமாகப் பொருந்தியது. ஊரே கூடிவிட்டது. பெங்களூர் ஆபீசரும் வந்திருந்தார். எஸ்.ஐ. முகத்தில் அன்றைக்குத்தான் பல் தெரிந்தது. அப்பாவை முன்னால் கூப்பிட்டு, "இதேதானா?" என்று கேட்டார். அப்பா ஒரு நிமிடம் பார்த்தார். "ஆமா சார்" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. எடுத்தவன் பயந்துபோய்ப் போட்டுவிட்டான், கேஸ் முடிந்தது என்று எழுதப்போகிறார்கள். இனி பெஞ்ச் இல்லை. கிடைத்த இடம் எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் என்பதோ, அதை வைத்து நாலு பேர் அப்பாவைப் பார்த்த பார்வையோ எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து டிரேசரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். படத்தின் முன்னால் நின்றார். கிட்டப் போனார். தள்ளி வந்தார்.

"இது அது இல்ல" என்றார்.

எஸ்.ஐ. கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, ஆறு வாரம் தேடியிருக்கோம். இதுலயும் ஒரு குறையா?"

"இருக்க வேண்டிய குறை இல்ல சார். அதான் சொல்றேன்." மூலையைக் காட்டினார். "எங்க படத்துல கேட்டு வெளிய தொறந்து கீது. இதுல உள்ள தொறந்து கீது. பேந்த எடம், நெழல் இல்லாத காலு எல்லாம் அப்படியே கீது; எவனோ பாத்து வரைஞ்சிருக்கான்."

"பாத்து வரையறவன் ஏன் மாத்தணும்?" என்று கேட்டார் ஆபீசர்.

"வெளியூர்க்காரன் வரைஞ்சிருந்தா மாத்தியிருக்க மாட்டான். அவனுக்கு எந்தப் பக்கம் தொறந்தா இன்னா? இது நம்ம ஊரு கை சார். மைன்ஸ்காரன் வூட்டுப் புள்ள. கண்ணு அத்தப் பாத்தாலும் கை கேட்காது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஆபீசர் சிரிக்கவில்லை. நான்கு காகிதங்களை எடுத்து, அங்கே நின்றிருந்த நான்கு பழைய தொழிலாளிகளிடம் கொடுத்து, கேட் திறந்திருக்கிற ஒரு கேஜ் வரையுங்கள், பக்கத்து ஆளைப் பார்க்காதீர்கள் என்றார். ஒருவருக்குக் கோடே நேராக வரவில்லை. ஆனால் நான்கு பேர் வரைந்த கேட்டும் உள்பக்கம்தான் திறந்திருந்தது.

பிறகு ஆபீசர் மெதுவாக அப்பா பக்கம் திரும்பினார். "இவர்தானே தினமும் துடைக்கிறவர்? இவருக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவுருக்குக் கண்ணு செரியில்ல சார்" என்றார் டிரேசரம்மா. "புரை. ரெண்டு வருசமா ஆபரேசன் பண்ணிக்கய்யான்னு சொல்லிகினு கீறேன். கேட்டாதான?"

ஆபீசர் தலையாட்டிவிட்டுப் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்ததும் நான் டிரேசரம்மா முன்னால் போய் நின்றேன். "உங்களுக்குத் திருப்தியா? முடிஞ்சுபோன கேஸை எடுத்து மறுபடி எங்கப்பா தலையில போட்டுட்டீங்க. போதாததுக்கு ஊர் முன்னால அவரைக் குருடன்னு வேற சொல்லிட்டீங்க. செத்தாத்தான் உங்க வாய் மூடுமா?" என்று கத்தினேன். கூட்டம் முழுக்கக் கேட்டது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மூன்று நாளில் எல்லாம் முடிந்தது. எண்ணெய்ச் சாயத்தில் அவ்வளவு தேர்ச்சியாக வரையக்கூடிய உள்ளூர்க்காரர்கள் மூன்றே பேர். அவர்களில் ஒருவன் கடைகளுக்குப் போர்டு எழுதுகிற ஆர்ட்டிஸ்ட். தாத்தா, அப்பா இரண்டு பேரும் சுரங்கத்தில் இருந்தவர்கள். அவன் வீட்டில், கிறிஸ்துமஸ் நாடகத்துக்காக அவனே வரைந்த திரைச்சீலையின் சுருளுக்குள் நிஜப் படம் இருந்தது. தாத்தாவின் பழைய பெட்டிச் சாவி மியூசியப் பூட்டைத் திறந்திருக்கிறது. அதுவும் கம்பெனிப் பூட்டு, இதுவும் கம்பெனிப் பூட்டு; ஒரே அச்சில் வார்த்தவை. வெளியூரில் இருந்த ஒரு தரகன்தான் ஆட்டி வைத்தவன். தேடுதல் ஓயாமல் படத்தை வெளியே எடுக்க முடியாது, போலியைக் கிடைக்க வைத்தால் தேடுதல் தானாக நின்றுவிடும் என்பது அவன் யோசனை. போலியை எங்கே போடுவது என்பதும் அவன் யோசனைதான். ஊர் யாரைச் சந்தேகப்படுகிறதோ அவர் வீட்டுப் பக்கம்.

கேட்டை ஏன் மாற்றினாய் என்று கேட்டதற்கு அந்த ஆர்ட்டிஸ்ட், "நான் எங்க சார் மாத்துனேன்?" என்று முழித்தானாம். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் அவனுக்கே தெரிந்திருக்கிறது. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான் என்றார் எஸ்.ஐ.

நிஜப் படத்தை மறுபடி மாட்டிய அன்றைக்கு மியூசியத்தின் செயலாளர் எல்லோர் முன்னாலும் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டார். சர்ச் வாசலில் வாய்விட்டவரும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா எல்லோருக்கும் தலையாட்டினார். கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கிற அந்த ஆள் முன்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். ஆறு வாரமாக என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனதை நான் நன்றாக உணர்ந்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, "திங்கக்கிழமை லீவு போட்டிருக்கேன்ப்பா, கோலார் பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணைக் காட்டிடலாம்" என்றேன்.

"என் கண்ணுக்கு இன்னா?"

"புரைன்னு..."

அப்பா நின்றார். தூரத்தில், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டின் மேல் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளைக் காட்டி, "ஏழு கீது. ஒண்ணு நொண்டுது" என்றார். நான் கண்ணை இடுக்கிப் பார்த்தேன். எனக்கு வெள்ளைப் புள்ளிகள்தான் தெரிந்தன.

"எனக்கும் தெரியும்மா" என்றார். "பாத்த ஒடனே தெரிஞ்சுபோச்சு. பதினாலு வருசம் தொடச்ச கை, தெரியாம பூடுமா?"

"அப்புறம் ஏன்ப்பா ஆமான்னு சொன்னீங்க?"

"வூட்டுக்குப் போவணும் போல இருந்துச்சு."

அப்பா மறுபடி நடக்க ஆரம்பித்தார். தெரிந்தே ஆமாம் என்றார் என்று மட்டும் அன்றைக்கு ஆபீசருக்குப் பட்டிருந்தால், அப்பாவும் கூட்டு என்று எழுதிக் கதையை முடித்திருப்பார்கள்.

அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு நேராக டிரேசரம்மா வீட்டுக்குப் போனேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை. "அப்பா கண்ணு நல்லாத்தான் இருக்கு ஆன்ட்டி" என்றேன்.

"தெரியும்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க? நீங்க பொய் சொல்லி நான் கேட்டதே இல்லையே."

அவர் முறத்தைக் கீழே வைக்கவில்லை, என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "ஆறு வாரம் பெஞ்சுல குந்திகினு இருந்த மனுசன், தாங்க முடியாம ஒரே ஒரு வாட்டி ஆமான்னுட்டாரு" என்றார். "அதுக்குப் போயி யாராச்சும் குத்தம் சொல்லுவாங்களா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஆறு வாரத்துக்குமாகச் சேர்த்து அழுது முடித்தேன்.